பரிசு கனிக்கா, தோட்டத்திற்கா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்பதை அருவியைப் பார்த்து அறிபவர் பலர். கடைவீதிக்கு மங்குஸ்தான் வந்துவிட்டதைக் கண்டு அறிபவரும் உளர். ஆனி, ஆடித் திங்கள்களில் பேரருவிக்குச் செல்லும் வழியிலும் ஐந்தருவிச் சாலையிலும் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன், பலா, மலைவாழை முதலியன கூடை கூடையாகக் குவிந்திருக்கும். நீராட வருவோர் விலை பேசி வாங்கிச் செல்வர். அப்பழம் எந்தத் தோட்டத்தில் விளைந்தது, யார் நட்ட மரம், எத்தனை ஆண்டு காத்திருந்த பின் காய்த்தது என்று கேட்பார் இலர். கேட்டாலும் கடைக்காரரால் விடை கூற இயலாது. மலைக்கு இப்பால் விளைந்ததும், ஆரியங்காவுக் கணவாய் வழியே கேரளத்திலிருந்து வந்து சேர்ந்ததும் ஒரே கூடையில் கலந்து கிடக்கும். வாங்குவோருக்கு எல்லாம் ‘குற்றாலத்துப் பழமே’.

சாரற்காலத்தில் அரசு நடத்தும் சாரல் திருவிழாவை உறுப்பினர்கள் பலரும் கண்டிருப்பர். ஐந்தருவிப் பக்கத்துச் சுற்றுச்சூழல் பூங்காவில் தோட்டக்கலைத் துறையினர் மலர்களையும் கனிகளையும் காட்சிக்கு வைப்பர். கோலப் போட்டி, படகுப் போட்டி, கொழுகொழு குழந்தைப் போட்டி எனப் பல போட்டிகளும் நடைபெறுவது வழக்கம். குழந்தைக்குப் பரிசு கொடுக்கும்போது கூட்டத்தினர் குழந்தையைப் பார்ப்பர். நான் தாயின் முகத்தைப் பார்ப்பேன். பரிசின் பயன் அங்கேதான் தெரியும். மேசைமீது அடுக்கி வைக்கப்பட்ட கனிகளுக்கும் அத்தகைய தாய்மார் உண்டு. ஆனால் அவர்களுடைய முகம் யாருக்கும் தெரிவதில்லை. பழம் வளர்ப்போரின் உழைப்பை ஆண்டுதோறும் அளந்து, அவர்தம் பெயரைச் சொல்லிப் பாராட்டும் முறை நம் பகுதியில் வேரூன்ற வேண்டும் என்பது என் விருப்பம். இது குறித்து உறுப்பினர்களிடையே பேச்சு எழுந்திருப்பதால், எதை அளந்து பரிசு கொடுப்பது என்னும் கேள்வியை இங்கு ஆராய முற்படுகிறேன். பரிசு கொடுப்பது எளிது, அளப்பதுதான் அரிது.

நெசவாளர்களுக்கு இத்துன்பம் குறைவு. சேலையை விரித்துப் பார்த்தால் பாவும் ஊடையும் தாமே பேசும். கரை நேராக உள்ளதா, சாயம் ஒட்டியிருக்கிறதா, அங்குலத்திற்கு இழை எத்தனை என்று எண்ணிச் சொல்லிவிடலாம். சந்த் கபீர் விருது போன்ற தேசிய விருதுகள் அவர்களுக்கென இருக்கின்றன. 2015 முதல் ஆகஸ்டு 7ஆம் நாள் தேசியக் கைத்தறி நாளாகவும் கொண்டாடப்பட்டு வருகிறது. நெய்தவர் கையிலேயே நெய்த பொருள் இருக்கிறது. ஆகவே பரிசு வழி தவறிப் போவதில்லை.

நெல்லுக்கும் அளவு தெளிவானதே. விடுதலை பெற்ற சில ஆண்டுகளிலேயே, 1949-50ஆம் ஆண்டளவில், நாடெங்கும் பயிர்ப் போட்டிகள் தொடங்கப்பெற்றன. அகில இந்திய அளவில் வென்ற உழவருக்குக் ‘கிருஷி பண்டிட்’ என்னும் பட்டம் வழங்கப்பட்டது. பண்டிதர் என்றால் ஏட்டைப் படித்தவர் என்று எண்ணியிருந்த காலத்தில், ஏரைப் பிடித்தவருக்கு அப்பட்டத்தைக் கொடுத்தது ஒரு புரட்சி என்றே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் உழவர் தலைவர் சி. நாராயணசாமி நாயுடு அவர்களின் பெயரால், திருந்திய நெல் சாகுபடியில் மிகுந்த விளைவு காட்டிய உழவருக்கு ரூ. 5 இலட்சம் பரிசு அமைந்தது. குடியரசு நாளன்று அது வழங்கப்பெற்றது. இப்போட்டிகளில் முறை எளிது. குறித்த பரப்பை அளந்து, அலுவலர் முன்னிலையில் அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்துவிட்டால் முடிவு தெரிந்துவிடும். நான்கு திங்கள் உழைப்பு ஒரே நாளில் தராசின்மேல் ஏறிவிடுகிறது. போட்டிக்கென்று ஒரு மூலையில் மட்டும் உரத்தைக் கொட்டி வளர்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அளவு அளவுதான்.

பழமரத்தை இவ்வாறு ஒரே நாளில் தராசில் ஏற்ற இயலாது. மங்குஸ்தானையே எடுத்துக்கொள்வோம். விதையிலிருந்து எழும் கன்று எட்டு, பத்து ஆண்டுகளுக்கு முன் காய்ப்பதில்லை. சில மரங்கள் அதற்கு மேலும் காக்க வைக்கும். இளங்கன்று நேர்வெயிலைத் தாங்காது, நிழல் வேண்டும். வேர் மெலிந்தது, ஈரம் குன்றக்கூடாது, நீர் தேங்கவும் கூடாது. வறண்ட காற்றும் ஆகாது. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே நுழைந்து மலையடிவாரத்தை நனைப்பதால்தான் குற்றாலமும் அதன் சுற்றுப்புறமும் இம்மரத்திற்கு இடம் கொடுக்கின்றன. கிழக்கே சில கல் தொலைவு சென்றால் பனையும் உடைமரமும் நிற்கும் வறள்நிலம். இங்கு அயல்நாட்டு மரங்களை நட்டுப் பார்க்கும் முயற்சி புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்திலேயே ஜாதிக்காய், கிராம்பு முதலியவற்றுக்குக் குற்றாலத்தில் தோட்டம் போட்டார்கள். பழத்தோட்ட அருவி என்னும் பெயரே அரசின் பழத்தோட்டம் தந்த பெயர். நீலகிரிச் சரிவில் 1871இல் அரசுத் தோட்டமான பர்லியாறும், 1900இல் தொடங்கிய கல்லாறும் மங்குஸ்தானுக்குப் பேர்பெற்றவை. இவையெல்லாம் அரசு தாங்கிய தோட்டங்கள். பத்து ஆண்டு வருமானமின்றிக் காத்திருக்க அரசால் முடியும். இரண்டு ஏக்கர் உடைய குடியானவரால் எப்படி முடியும்? முடிந்திருக்கிறது என்பதே வியப்பு. அந்தக் காத்திருப்பை எந்தத் தராசில் நிறுப்பது?

மேக்கரைப் பக்கம் சங்கத் தணிக்கைக்காகச் சென்றிருந்தபோது முதிய உறுப்பினர் ஒருவருடைய தோட்டத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. மரங்களின் அடியில் சருகைப் பரப்பி, ஒரு துளி ஈரமும் வீணாகாதபடி வைத்திருந்தார். “பெரியவரே, இத்தோட்டத்திற்கு ஒரு பரிசு கொடுத்தால் தகும்” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “பரிசு என்றால் என் தகப்பனாருக்கல்லவா கொடுக்க வேண்டும், ஐயா? நட்டவர் அவர்; பறிக்கிறவன் நான்” என்றார். சற்று நேரம் கழித்து, தோட்டத்தின் ஓரத்தில் முழங்கால் உயரம் நின்ற நாலைந்து கன்றுகளைக் காட்டி, “இவற்றுக்கு வேண்டுமானால் எனக்குக் கொடுங்கள். இவை காய்க்கும்போது நான் இருக்கமாட்டேன்” என்றும் சொன்னார். அவருக்கு நான் விடை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பரிசுத் திட்டம் எதுவாயினும் அந்தக் கன்றுகளுக்கு அதில் இடமிருக்க வேண்டும் என்று அன்று தோன்றியது.

பழத்திற்குப் பரிசு என்றவுடன் நம் நாட்டில் நினைவுக்கு வருவது குன்னூர்ப் பழக்கண்காட்சியே. 1874இல் உருவான சிம்ஸ் பூங்காவில், கோடைத் திங்களான மே மாதத்தில், தோட்டக்கலைத் துறையினர் நடத்துவது அது. 2025இல் நடந்தது 65ஆவது கண்காட்சி. டன் கணக்கில் பழங்களை அடுக்கிப் பெரிய பெரிய உருவங்களைச் செய்து நிறுத்துவர். அவற்றின்முன் நின்று படம் பிடித்துக்கொள்ளக் கூட்டம் அலைமோதும். பல மாவட்டத்துத் தோட்டக்கலையினரும் தத்தம் அரங்கை அமைப்பர். சிறந்தவற்றிற்குச் சுழற்கோப்பைகள் வழங்கப்பெறும். காட்சி என்ற வகையில் இதனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பட்டணத்துப் பிள்ளைகள் பழம் மரத்தில் காய்ப்பது என்று அறிந்துகொள்ளவாவது அது உதவுகிறது! ஆயினும் பரிசு பெறுவது காட்சிக்கு வந்த கனி. அதுவும் ஆயிரம் கனிகளுள் தேடிப் பொறுக்கிய பத்து. மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூறும் எவ்வாறு இருந்தன என்பதை மேசை சொல்லாது. விளைவித்தவருக்குச் சோறு போடுவது அந்தப் பத்து அன்று, மீதிதான்.

பழம் வளர்ப்பதில் முந்திய நாடுகளும் இக்கேள்வியைக் கடந்தே வந்திருக்கின்றன. இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்து மார்டன் என்னும் ஊரில் 1933ஆம் ஆண்டு பழ வளர்ப்போர் ஒரு கண்காட்சியைத் தொடங்கினர். அது வளர்ந்து அந்நாட்டின் தேசியப் பழக்கண்காட்சியாயிற்று. அதே மாவட்டத்தில், மேசைக்கு வரும் கனியோடு நில்லாமல், நடுவர்கள் தோட்டத்திற்கே நடந்து சென்று மரங்களைப் பார்த்து மதிப்பிடும் போட்டிகளும் நடைபெற்று வந்துள்ளன. அமெரிக்காவில் பழவியல் கழகத்தார் 1873இல் ‘வைல்டர் பதக்கம்’ என்ற ஒன்றை நிறுவினர். சிறந்த புதிய பழ இரகத்திற்கும், பழவியலுக்குப் பெருந்தொண்டு ஆற்றியவருக்கும் அது உரியது. கனி, தோட்டம், இரகம் என மூன்று வகையாகப் பாராட்டு பிரிந்து நிற்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கு ஒரு கதையைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. கதை என்றேனே தவிர, நடந்த நிகழ்ச்சிதான். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து உழவர் ஜெஸ்ஸி ஹயட் என்பவருடைய தோட்டத்தில், வரிசைக்கு வெளியே ஓர் ஆப்பிள் கன்று தானாக முளைத்தது. அவர் அதை வெட்டிவிட்டார். மீண்டும் துளிர்த்தது, மீண்டும் வெட்டினார். மூன்றாம் முறையும் துளிர்க்கவே, ‘இவ்வளவு வாழ ஆசைப்படுகிறாயே, வாழ்ந்து போ’ என்று விட்டுவிட்டாராம். அது காய்த்தபோது சுவையில் இணையற்றிருந்தது. மிசௌரி மாநிலத்து ஸ்டார்க் நாற்றுப்பண்ணையார் புதிய இரகங்களைத் தேடி நடத்திய பழப்போட்டிக்கு 1893இல் சில கனிகளை அனுப்பினார். கனியைச் சுவைத்த பண்ணையார் அதுவே முதற்பரிசுக்கு உரியது என்று கண்டார். ஆனால் அனுப்பியவர் பெயர் எழுதிய சீட்டு எங்கோ தவறிப் போய்விட்டது! பரிசு இருக்கிறது, கனி இருக்கிறது. பெறுவார் யார் என்று தெரியவில்லை. அடுத்த ஆண்டும் அவர் அனுப்பினாலொழியக் கண்டுபிடிக்க வழியில்லை என்று காத்திருந்தனர். நல்வினையாக அவர் மறுபடியும் அனுப்பினார். உலகெங்கும் ‘டெலிஷியஸ்’ என்று விற்கப்பட்ட ஆப்பிள் அவ்வாறு வெளிப்பட்டதே. ஹயட் மனம் சலித்து அடுத்த ஆண்டு அனுப்பாமல் இருந்திருந்தால்? ஒரு சீட்டு ஒழுங்காக ஒட்டப்படாததால் ஒரு பெரிய இரகமே மண்ணோடு மறைந்திருக்கும். பதிவேட்டைப் பற்றிக் கூட்டுறவு ஆய்வாளர்கள் ஓயாமல் வற்புறுத்துவதை உறுப்பினர்கள் சிலர் கேலி செய்வதுண்டு. அவர்கள் இந்நிகழ்ச்சியை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

நம் நாட்டில் அண்மையில் நடந்த ஒன்றும் இத்தகையதே. இமாசலப் பிரதேசத்துப் பிலாஸ்பூர் மாவட்டத்தில், பனியாலா என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஹரிமன் சர்மா என்பவர், குளிர் மிகுதியாக இல்லாத தாழ்ந்த பகுதியிலும் காய்க்கும் ஆப்பிள் இரகம் ஒன்றைத் தம் தோட்டத்தில் கண்டெடுத்து வளர்த்தார். ஆப்பிளுக்கு நெடுங்குளிர் வேண்டும் என்பது பாடநூல் விதி. ஆகவே முதலில் நம்பியவர் சிலரே. தேசியப் புத்தாக்க நிறுவனத்தார் அதன் கன்றுகளைப் பல மாநிலங்களில் நட்டுச் சோதித்தனர். 2017இல் அந்நிறுவனத்தின் தேசிய விருதும், 2025இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்குக் கிடைத்தன. அந்த இரகத்தின் பெயரிலேயே அவருடைய பெயரின் எழுத்துகள் பதிந்திருக்கின்றன. கனியைச் சுவைத்துவிட்டு மட்டும் கொடுத்த விருதன்று அது. பல மண்ணில் மரம் பிழைத்ததைப் பார்த்த பின் கொடுத்தது.

நம் பக்கத்திற்கு வருவோம். 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சைச் சந்தையை அறியாத வியாபாரி தென்னாட்டில் இருக்க முடியாது. அதே மாவட்டத்தில், தென்காசிக்குத் தெற்கே, மலையோரமாக அமைந்த ஊர் கடையம். பாரதியாரின் துணைவியார் செல்லம்மாள் பிறந்த ஊர் என்று எல்லோரும் அறிவர். எலுமிச்சை வளர்ப்போருக்கு வேறொரு காரணத்தாலும் அவ்வூர் முக்கியமானது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பெரியகுளத்திலிருந்து வெளியிட்ட ‘பி.கே.எம். 1’ என்னும் எலுமிச்சை இரகம், கடையம் வட்டாரத்து நாட்டு எலுமிச்சையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதாகும். ஆராய்ச்சியாளர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. பல மரங்களின் வழித்தோன்றல்களை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுத் தேர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு நல்ல மரம் அங்கே நிற்க வேண்டுமல்லவா? தலைமுறை தலைமுறையாக நல்ல காயின் விதையையே எடுத்து ஊன்றி, சொறிநோய் கண்டதைக் கழித்து, அம்மரங்களை அந்நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் கடையத்துக் குடியானவர்கள். இரகத்தின் பெயரில் பெரியகுளம் இருக்கிறது, கடையம் இல்லை. ஆண்டுதோறும் சிறந்த மரத்தைத் தேடிப் பெயரோடு எழுதி வைக்கும் பழக்கம் முன்பே நம்மிடம் இருந்திருந்தால், எந்தத் தோட்டத்து மரம் தாய்மரமாக நின்றது என்பது ஊரார் நினைவிலாவது தங்கியிருக்கும். 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர் தாம் பேணிய இரகத்தைத் தம் பெயரிலேயே பதிவுசெய்ய வழி வகுத்திருக்கிறது. அரிய இரகங்களைக் காத்த உழவர்க்கு அச்சட்டத்தின்கீழ் விருதும் உண்டு. விண்ணப்பம் செய்வதற்கு வேண்டியது சான்று. சான்று என்பது மறுபடியும் பதிவேடுதான்.

இனிச் சங்கங்கள் செய்யத்தக்கதைச் சொல்கிறேன். என் கருத்தில், ஆண்டுப் பரிசு ஆண்டுக்கொருமுறை கொடுக்கப்பட வேண்டுமே தவிர, ஓர் ஆண்டை மட்டும் பார்த்துக் கொடுக்கப்படக்கூடாது. மாமரம் ஓராண்டு குலுங்கக் காய்த்து மறு ஆண்டு ஓய்ந்து நிற்பது இயல்பு; காய்த்த ஆண்டில் பரிசும் ஓய்ந்த ஆண்டில் பழியும் சுமத்தினால் மரமே சிரிக்கும். ஆகவே மூன்றாண்டுச் சராசரியைக் கொள்வது நேர்மை. அடுத்து, மரத்திலிருந்து இறங்கிய காய் எத்தனை கிலோ என்பதைவிட, சங்கத்தின் தரம்பிரிக்கும் மேசையில் முதல் தரமாகத் தேறியது எத்தனை பங்கு என்பதே கணக்காக வேண்டும். மங்குஸ்தானின் தோல் பார்வைக்குத் தடித்து இரும்புபோல் இருக்கும், உண்மையில் நுட்பமானது. மரத்திலிருந்து தரையில் விழுந்தால் அடிபட்ட இடம் இறுகிப்போய், பிறகு கத்திக்கும் எளிதில் அசையாது. சில பழங்களில் மஞ்சட்பால் உள்ளே கசிந்து சுளை கைக்கும். அலக்கின் நுனியில் வலைப்பை கட்டிப் பறித்தவருக்கும், உலுக்கிக் கீழே தள்ளியவருக்கும் எடையில் வேற்றுமை இராது. தரத்தில் வானுக்கும் மண்ணுக்கும் உள்ள வேற்றுமை இருக்கும். ரம்புட்டானோ பறித்த பிறகு பழுப்பதில்லை. அவசரப்பட்டுப் பறித்தால் புளிப்போடு நின்றுவிடும். சந்தைக்கு முந்த வேண்டும் என்று காயைப் பறிப்பவர் தம் பெயரை மட்டுமன்றிச் சங்கத்தின் பெயரையும் கெடுக்கிறார். இவ்வேற்றுமைகள் அனைத்தையும் நம் பேரேட்டில் ஒரே பத்தி காட்டிவிடும்: ஒப்படைத்தது இவ்வளவு, முதல் தரம் இவ்வளவு, கழிவு இவ்வளவு. தனியாக நடுவர் குழு அமர்த்தி, அவர்களுக்கு வண்டியும் விருந்தும் வைத்துச் செலவு செய்யத் தேவையில்லை.

பறிக்கும் தொழிலாளியைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதல் தரத்தின் பங்கு அவர் கையில் இருக்கிறது என்றால், பரிசிலும் அவருக்குப் பங்கு இருக்க வேண்டும். ஒட்டுக் கட்டுபவர், மரமேறுபவர், தரம் பிரிக்கும் பெண்கள் ஆகியோரின் பெயர்களும் பாராட்டிதழில் இடம்பெறுவதால் தோட்டக்காரரின் பெருமை ஒரு மாற்றும் குறையாது.

சிக்கலான இடம் குத்தகை. பிஞ்சு விட்டதும் தோட்டத்தையே வியாபாரிக்கு மொத்தமாகப் பேசிவிடும் வழக்கம் மாந்தோப்புகளில் பரவியிருக்கிறது. கடன்பட்டவருக்குக் கைமேல் பணம் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கணமே தோட்டம் அவர் கையை விட்டுப் போகிறது. வியாபாரி அவ்வாண்டுக் காயைப் பார்ப்பாரேயன்றி அடுத்த ஆண்டுக் கிளையைப் பார்க்கமாட்டார். இவ்வாறு விற்கப்பட்ட தோட்டத்துக் காய்க்குப் பரிசு கொடுத்தால் அது யாருக்குப் போவது? உடையவருக்கா, குத்தகை எடுத்தவருக்கா? இருவருக்கும் வேண்டாம் என்பதே என் எண்ணம். சங்கத்தின் வழியாகத் தாமே விற்றவருக்கு மட்டுமே பரிசு என்று விதித்துவிட்டால், குத்தகையை விட்டு வெளியேற அதுவும் ஒரு சிறு தூண்டுகோல் ஆகலாம். ஆனால் விதியை எழுதினால் மட்டும் போதாது. பூவெடுக்கும் காலத்தில் சங்கம் சிறு முன்பணமாவது கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இல்லையேல், கையில் பணம் உள்ளவரே பரிசுக்கும் உரியவர் என்று ஆகிவிடும். ஏழை உறுப்பினர் பரிசளிப்பு நாளில் கைதட்ட மட்டும் வருவார்.

அதே காரணத்தால் பெரிய தோட்டமும் சிறிய தோட்டமும் ஒரே களத்தில் மோதக்கூடாது. ஏக்கர்க் கணக்கைவிட மரக்கணக்கு நம் பகுதிக்குப் பொருந்தும். பலரிடம் தென்னைக்கும் பாக்கிற்கும் இடையே பத்து மங்குஸ்தான் மரம், ஐந்து ஜாதிக்காய் என்ற அளவிலேயே பழமரங்கள் இருக்கின்றன. இருபது மரத்திற்கு உட்பட்டவர் ஒரு பிரிவு, அதற்கு மேற்பட்டவர் மறு பிரிவு என்று வைக்கலாம். எலுமிச்சைக்கு இவ்வெண் பொருந்தாது. அதற்குத் தனியாக ஓர் அளவை உறுப்பினர்களே கூடி முடிவு செய்து கொள்ளட்டும்.

மூன்றாவதாக ஒரு பரிசு, மேக்கரைப் பெரியவர் காட்டிய கன்றுகளுக்கு. நட்டு மூன்று ஆண்டு நிறைந்த பின் உயிரோடு நிற்கும் கன்றுகளை எண்ணி, நட்டவற்றில் பிழைத்தவை எத்தனை பங்கு என்று பார்த்துக் கொடுக்கலாம். நடுவிழா நாளன்று கன்றோடு படம் எடுத்துக்கொள்வோர் பலர். மூன்றாம் கோடையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அதனிடம் செல்வோர் சிலர். அந்தச் சிலருக்காகத்தான் இப்பரிசு. அருவியை ஒட்டிய நிலத்தில் தோட்டத்தைவிட மனைக்கு விலை மிகுதி என்று பேசப்படும் இக்காலத்தில், ஒருவர் புதிதாக மங்குஸ்தான் நடுகிறார் என்றால் அவர் தம் மக்களும் தோட்டக்காரராகவே இருப்பர் என்று நம்புகிறார் என்பது பொருள். அந்நம்பிக்கையை ஊரறியச் செய்யாமல் விட்டால் நமக்கு இழப்பு.

பரிசுப் பொருள் எதுவாக இருக்கலாம்? கேடயம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வீட்டுக்கு வருவோர் பார்த்துக் கேட்பதற்கு ஒன்று சுவரில் தொங்குவது நல்லதே. அதனோடு நல்ல ஒட்டுக்கன்றுகள், காய் நசுங்காமல் எடுத்துச் செல்லும் பெட்டிகள், கிளை நறுக்கும் கத்தரி, மண் சோதனைக் கட்டணம் என்று பயன்படுவதையும் சேர்த்தால் சிறப்பு. நிகர இலாபத்திலிருந்து பொது நலனுக்கு ஒதுக்கும் தொகையில் இதற்கு இடமுண்டா என்பதைச் சங்கத்தின் துணைவிதிகளைப் பார்த்துப் பொதுக்குழுவே முடிவு செய்ய வேண்டும். தனவந்தர் ஒருவர் தம் தந்தையார் பெயரால் கோப்பை வைக்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஏற்கலாம். ஆனால் யாருக்கு என்று அவர் சொல்லக்கூடாது.

நிர்வாகக் குழுவினரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் அப்பதவியில் உள்ளவரை போட்டியில் கலந்துகொள்ளலாகாது என்பதையும் முதல் ஆண்டிலேயே எழுதி வைத்துவிடுவது நலம். இது யாரையும் ஐயுற்றுச் சொல்வதன்று. தலைவர் தோட்டத்துப் பழம் உண்மையிலேயே ஊரில் சிறந்ததாக இருக்கலாம். ஆயினும் அவருக்கே பரிசு என்றால் அடுத்த ஆண்டு விண்ணப்பம் ஒன்றுகூட வராது. பதவிக்காலம் முடிந்த மறு ஆண்டு அவர் தாராளமாக வந்து வெல்லட்டும்.

பரிசளிப்புக்கு உரிய காலத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கிறது. நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம் கொண்டாடுகிறோம். அப்போதே கொடுத்துவிடலாம் என்பர் சிலர். நவம்பரில் இங்கு வடகிழக்கு மழை. கையில் மங்குஸ்தானும் இராது, வாங்குவோர் கூட்டமும் இராது. மார்ச் 31இல் கணக்கு முடிகிறது. முதல் தரம், கழிவு ஆகிய பத்திகளைக் கூட்டி மூன்றாண்டுச் சராசரி காண ஏப்ரல், மே இரு திங்கள் போதும். ஜூலையில், சாரல் விழுந்துகொண்டிருக்கும்போது, சங்கத்தின் விற்பனைக் கூடத்து வாயிலிலேயே பரிசை வழங்கலாம். வென்ற தோட்டத்துப் பெட்டிகளின்மேல் ஊர், உடையவர், பறித்தவர் என்று மூன்று வரி அச்சிட்ட சீட்டை ஒட்டி அன்றே விற்பனைக்கு வைக்கலாம். சீட்டு ஈரத்தில் கிழியாத தாளாக இருக்க வேண்டும். குற்றாலச் சாரலுக்குச் சாதாரணத் தாள் அரை நாழிகைகூடத் தாங்காது.

வாங்க வரும் சிறுவர்களுக்கும் ஒரு விளையாட்டு வைக்கலாம். மங்குஸ்தான் பழத்தின் அடிப்புறத்தில் சிறு பூவைப் போன்ற வடு ஒன்று இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. உடைக்காமலே எண்ணிச் சொல்லும் பிள்ளைக்கு அந்தப் பழத்தையே கொடுத்துவிடலாம். பெட்டிமேல் ஒட்டிய பெயரையும் படிக்கச் சொல்லிவிட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.